ஊசிக்கு முன் எடை போடுங்கள்

பிறந்தபோது மூன்று கிலோ. ஒன்றரை மாதத்தில் மூன்றே கால். இரண்டரை மாதத்தில் மூன்றரை. மார்பில் போட்டால் இரண்டு நிமிடம் குடிக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி குடிக்கும். பத்து நிமிடத்தில் நெற்றியெல்லாம் வியர்த்து, வயிறு பாதி நிரம்பும் முன்பே களைத்துத் தூங்கிவிடும். அரை மணி நேரத்தில் பசித்து அழும்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள அகரப்பேட்டை, பூண்டி, கோவிலடி, இளங்காடு என எந்த ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தாலும், முதலில் குற்றம் சாட்டப்படுகிறவள் பெற்றவள்தான். "உனக்குப் பாலு பத்தலடி" என்பார் மாமியார். "உரம் விழுந்திருக்கும், எடுத்துப் பாருங்க" என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கண் பட்டிருக்கும் என்று கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். மருந்துக்கடைக்காரர் டின் பால் எடுத்துக் கொடுப்பார். நாலு வாரம் இப்படியே போகும். அடுத்து சளி, காய்ச்சல், நெஞ்சு கட்டல். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே யாராவது ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "எக்கோ எடுக்கணும், இதயத்துல ஓட்டை இருக்கலாம்" என்று சொல்லும்போது பிள்ளைக்கு நாலு மாதம் முடிந்திருக்கும்.

பால் பத்தாததால் அந்தப் பிள்ளை தேறாமல் போகவில்லை. குடிக்கிற பாலையெல்லாம் நோயுற்ற இதயமும் திணறும் மூச்சும் தின்றுவிடுகின்றன. இது ஒரு வீட்டுத் துயரம் மட்டும் என்றால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பிள்ளை அந்த நாலு மாதத்தில் மூன்று முறை அரசு ஊழியரின் கைக்கு வந்து போயிருக்கிறது. ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி. மூன்று முறையும் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறோம். எடை ஏறவில்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அதனால்தான் இது மக்கள் பிரச்னை.

ஏன் தேறுவதில்லை?

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு முதல் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறது. இது உலகெங்கும் ஏறத்தாழ ஒரே கணக்கு. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் குழந்தைகளுக்குக் குறையாமல் இப்படிப் பிறப்பதாக மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் பிறந்தநாளுக்குள் சிகிச்சை கிடைத்தாக வேண்டும்.

இவற்றில் அதிகம் காணப்படுவது இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி அந்த ஓட்டை வழியாகத் திரும்பவும் நுரையீரலுக்கே பாய்கிறது. தலைமதகு பழுதானால் ஒரு பக்கம் வயல் மூழ்கி, கடைமடை காய்கிறதே, அப்படித்தான். நுரையீரலில் ரத்தம் தேங்குகிறது. குடலுக்கும் சதைக்கும் போக வேண்டியது குறைகிறது. குறையை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. பாரமான நுரையீரலை அசைக்க நெஞ்சு வேகமாக ஏறி இறங்குகிறது. பிள்ளை சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 60, 70 முறை மூச்சு விடுகிறது. அதற்கெல்லாம் கலோரி வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிறந்த அன்று இந்தப் பிள்ளை நன்றாகவே இருக்கும். கருவில் இருக்கும்போது நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிக் கிடக்கும். பிறந்த பிறகு அவை மெல்ல மெல்லத் தளர நாலு முதல் எட்டு வாரம் ஆகும். அவை தளரத் தளரத்தான் ஓட்டை வழியாகப் பாயும் ரத்தம் கூடும். எனவே பிரசவ வார்டில் டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாலும் பல சமயம் சத்தம் எதுவும் கேட்காது. காலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவியும் சரியான அளவையே காட்டும். நீலம் பாரிக்கும் வகை இதய நோய்களைப் பிடிக்க அந்தக் கருவி மிகவும் உதவும். இந்த ஓட்டை வகையைப் பிடிக்காது. தாயும் சேயும் நலம் என்று வீட்டுக்கு அனுப்புவதில் தவறில்லை. சங்கடம் தொடங்குவது ஒன்றரை மாதத்தில். முதல் ஊசியும் அதே ஒன்றரை மாதத்தில்தான். நோய் வெளியே தலைகாட்டுகிற வாரமும், அரசு அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற வாரமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. அதைத்தான் நாம் வீணாக்குகிறோம்.

பாலின் கணக்கு

ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 110 கலோரி போதும். இதயம் திணறுகிற குழந்தைக்கு 120 முதல் 150 கலோரி வேண்டும். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 67 கலோரி.

மூன்றரைக் கிலோ பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அதற்கு 525 கலோரி தேவை. தாய்ப்பாலில் மட்டும் அது கிடைக்க வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 780 மில்லி குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எட்டு வேளை கொடுத்தாலும் வேளைக்கு நூறு மில்லி. மூச்சு வாங்குகிற பிள்ளை வேளைக்கு ஐம்பது மில்லி குடித்தாலே பெரிது. அப்படிப் பார்த்தால் நாள் முழுக்கக் கிடைப்பது 268 கலோரி, தேவையில் பாதி. சுகமாக இருக்கிற பிள்ளைக்கே அது போதாது. வீங்கிய ஈரல் வயிற்றை அடைப்பதால் கொஞ்சம் குடித்ததும் நிறைந்த மாதிரி ஆகிவிடும். குடலுக்கு ரத்த ஓட்டம் குறைவதால் குடித்ததும் முழுசாகச் செரிக்காது. பாதியை வாந்தி எடுக்கும். வாரம் முழுக்க மார்போடு அணைத்து வைத்திருந்தாலும் எடை ஏறாது.

சரி, நிறைய ஊட்டினால் என்ன? அதுவும் முடியாது. இதயம் திணறும் பிள்ளைக்குத் திரவம் அதிகம் போனால் நுரையீரல் இன்னும் கனக்கும். எனவே பாலின் அளவைக் கூட்டாமல் அதன் சத்தைக் கூட்ட வேண்டும். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, அதில் அளந்து சத்துப் பொடியோ எண்ணெயோ சேர்த்து, ஒரு மில்லிக்கு ஒரு கலோரி வரை கொண்டுவருவார்கள். அப்போது அதே பிள்ளைக்கு 525 மில்லி போதும். சிறிது நேரம் மார்பில் குடிக்க விட்டு, மிச்சத்தைப் பாலாடையால் புகட்டலாம். அதற்கும் முடியாத பிள்ளைக்கு மூக்கு வழியாகச் சிறு குழாய் வைத்து இரவில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். கூடவே, தேங்கும் நீரைப் பிரியவைக்கும் மருந்து. பெரிய இதய மருத்துவமனைகளில் இது அன்றாட வேலை.

ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். "புள்ளைக்குச் செரிக்கல" என்று பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுப்பார்கள். டின் பால் விலை கட்டாமல் நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போட்டு ஆற்றுவார்கள். பாதி தண்ணீரான பாலில் கலோரியும் பாதிதான். மற்றவர்களைவிட அதிகச் சத்து வேண்டிய பிள்ளைக்குப் பாதிச் சத்தைத்தான் கொடுக்கிறோம். யாரையும் திட்ட இதைச் சொல்லவில்லை. சரியான அளவைச் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் அவரவருக்குத் தெரிந்ததைச் செய்கிறார்கள்.

கொச்சியில் உள்ள அமிர்தா மருத்துவமனையின் மருத்துவர்கள் தங்களிடம் வந்த இதயக் கோளாறுள்ள குழந்தைகளின் எடையை ஆராய்ந்து 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகள் வயதுக்கேற்ற எடை இல்லாமல் இருந்தார்கள். ஓட்டையைச் சரிசெய்த பிறகு பெரும்பாலோர் எடை கூடினார்கள். பட்டினியால் மெலிந்த பிள்ளைக்கு உணவே மருந்து. இதயத்தால் மெலிந்த பிள்ளைக்கு உணவும் வேண்டும், இதயத்தைச் சரிசெய்யவும் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் இரண்டும் வீண்.

எங்கே கோட்டை விடுகிறோம்?

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு. குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையும் அதில் அடக்கம். 2013 முதல் நாடெங்கும் தேசிய சிறார் நலவாழ்வுத் திட்டம் நடக்கிறது. மாவட்டந்தோறும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. திட்டத்துக்குக் குறைவில்லை. ஒரு திட்டத்துக்கும் இன்னொரு திட்டத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் பிள்ளை விழுகிறது.

முதல் இடைவெளி, காலம். சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். ஜனவரியில் குழு வந்துபோன பிறகு பிப்ரவரியில் பிறந்த பிள்ளையைக் குழு பார்க்க ஜூலை ஆகிவிடும். தவிர, இரண்டு மாதக் கைக்குழந்தையை அங்கன்வாடிக்கு யார் தூக்கிப்போகிறார்கள்? பிறந்து 42 நாள் வரை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு விதி. மூன்றாம் மாதத்திலிருந்து மறுபடி வர வேண்டும் என்று இன்னொரு விதி. இதய நோய் முற்றுவது 42-ஆம் நாளுக்கும் மூன்றாம் மாதத்துக்கும் நடுவில்.

இரண்டாவது இடைவெளி, ஊர். தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்கு வருவார்கள். முதல் ஊசி பூதலூர்ப் பக்கம், அடுத்த ஊசி திருவையாற்றுப் பக்கம். முதல் செவிலியர் குறித்த எடை இரண்டாவது செவிலியரின் கண்ணில் படாது. தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சி வரைபடம் அச்சிட்டே வருகிறது. அதில் எத்தனை அட்டைகளில் புள்ளி வைத்திருக்கிறது என்று உங்கள் வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். பல அட்டைகளில் ஊசித் தேதிகள் வரிசையாக இருக்கும். வரைபடப் பக்கம் வெள்ளையாக இருக்கும்.

மூன்றாவது இடைவெளி, துறை. எடை குறைந்த பிள்ளையைக் கணக்கெடுப்பது அங்கன்வாடி. அது சமூக நலத்துறை. ஊசி போடுவது, இதயத்தைப் பார்ப்பது மக்கள் நல்வாழ்வுத் துறை. 2022-இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் நல்ல திட்டம். 2024 நவம்பரில் கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் அதன் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட, கடுமையாக மெலிந்த குழந்தைகளின் தாய்மாருக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறார்கள். ஆனால் தாய்க்குப் பெட்டகம் கொடுத்த பிறகும் பிள்ளை தேறாவிட்டால் அடுத்த கேள்வி என்ன? 'இதயம் பார்த்தாச்சா' என்ற கேள்வி அங்கே கட்டாயமாக வர வேண்டும்.

செவிலியர்களைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அந்த வட்டத்தில் ஆண்டுக்கு அறுபது குழந்தைகள் பிறந்தால், இதயக் கோளாறுள்ள பிள்ளை ஒரு செவிலியரிடம் வருவது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அவ்வளவு அரிதாக வரும் நோயை ஞாபகத்தில் வைத்துக் கண்டுபிடி என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஞாபகத்தை நம்பாமல் விதியை நம்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு ஊசிக்கும், எடை. அப்போது அரிதான பிள்ளை தானாகவே கண்ணில் படும்.

"எடை ஏறட்டும், பார்க்கலாம்"

நோயைக் கண்டுபிடித்துவிட்டால் கதை முடிந்துவிடாது. அங்கேயும் இரண்டு வாக்கியங்கள் காத்திருக்கின்றன.

ஒன்று: "சின்ன ஓட்டைதான், தானா மூடிக்கும்." பல சிறு ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொள்வது உண்மை. எந்தப் பிள்ளை காத்திருக்கலாம், எந்தப் பிள்ளை காத்திருக்கக் கூடாது என்பதை எக்கோவோடு சேர்த்து எடைதான் சொல்லும். மாதாமாதம் முறையாக எடை ஏறுகிற, மூச்சு வாங்காத பிள்ளை காத்திருக்கலாம். எடை நின்றுவிட்ட பிள்ளையின் ஓட்டை சின்ன ஓட்டை அல்ல.

இரண்டு: "இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணலாம்." ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது, சின்ன உடம்பில் அறுவை செய்யக் கருவியும் பயிற்சியும் குறைவு. இன்று நல்ல மையங்களில் மூன்று, நாலு கிலோ பிள்ளைகளுக்கும் திறந்த இதய அறுவை செய்கிறார்கள். ஓட்டை மூடாமல் எடை ஏறாது. எடை ஏறாமல் ஓட்டையை மூட மாட்டோம் என்றால் பிள்ளை எங்கே போகும்? காத்திருக்கும் மாதங்களில் நிமோனியா வருகிறது. நுரையீரல் ரத்தக் குழாய்கள் கெட்டிப்படத் தொடங்குகின்றன. அது முற்றினால் பிறகு அறுவையே செய்ய முடியாத நிலை வரும்.

அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டாலும் நடுவில் சில வாரங்கள் இருக்கும். குழந்தை இதயநோய்க்கென்று தனிப் பயிற்சி பெற்ற குழுக்கள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கின்றன. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு பஸ், தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி. நடவு நேரத்தில் கூலியை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்வர வேண்டும். போய்வந்த பிறகு வீட்டில் அந்தப் பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது? காப்பீடு ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கிறது. ஆபரேஷன் மேஜை வரை பிள்ளையை உயிரோடும் தெம்போடும் கொண்டுசேர்க்கிற அந்த வாரங்களின் பாலுக்கும் பொடிக்கும் ஆலோசனைக்கும் அதில் இடம் இல்லை.

மற்றவர்கள் செய்துகாட்டியவை

கேரள அரசு 2017-இல் 'ஹிருத்யம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இதயக் கோளாறுள்ள குழந்தையை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். மருத்துவ அறிக்கைகளைப் பார்த்து, உடனே சிகிச்சை வேண்டியவர், சில வாரம் பொறுக்கக்கூடியவர் என்று நிபுணர்கள் தரம் பிரிப்பார்கள். எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறதோ அங்கே அனுப்புவார்கள். செலவு அரசுடையது. பெற்றோர் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. பக்கத்து மாநிலத்தால் முடிந்தது நம்மால் முடியாதா?

அமெரிக்காவில் விஸ்கான்சின் குழந்தைகள் மருத்துவமனை 2000-இல் இன்னொன்றைச் செய்தது. மிகக் கடுமையான இதயக் கோளாறோடு பிறந்து, முதல் அறுவை முடிந்து, இரண்டாவது அறுவைக்காகக் காத்திருக்கும் குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு எடைக் கருவியையும் ஆக்சிஜன் அளக்கும் கருவியையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. மூன்று நாளில் இருபது கிராம் ஏறவில்லை என்றாலே போன் செய்ய வேண்டும். வீட்டில் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. இன்று அந்நாட்டின் பல மருத்துவமனைகளில் அதுவே நடைமுறை. கோடிக்கணக்கில் செலவாகும் சிகிச்சையைக் காப்பாற்றியது ஒரு தராசு.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஊசிக்கு முன் எடை. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் துணியைக் கழற்றி, வெள்ளி அரைஞாணையும் கொலுசையும் எடுத்துவிட்டு, டிஜிட்டல் தராசில் எடை போட வேண்டும். எழுதினால் மட்டும் போதாது; போன ஊசியின் எடையிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஊசிகளுக்கு நடுவே 28 நாள். நல்ல பிள்ளைக்கு ஏழு நூறு கிராம் ஏறும். அரைக் கிலோகூட ஏறாத பிள்ளையை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இரண்டாவது, மூன்று கேள்வியும் ஒரு எண்ணிக்கையும். பால் குடிக்க அரை மணிக்கு மேல் ஆகிறதா? குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா? பிறகு, பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் 50 என்ற அளவைத் தொட்டால் அபாயம். செவிலியர்களுக்கு இந்த எண்கள் நிமோனியாப் பயிற்சியிலேயே தெரிந்தவைதான். இந்த எல்லாவற்றுக்கும் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஐந்து நிமிடம் கூடுதலாக வேண்டும் என்றால் கையும் கூடுதலாக வேண்டும். காலியாகக் கிடக்கும் கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களை நிரப்புவது இதில் முதல் படி.

மூன்றாவது, தஞ்சாவூரில் வாரம் ஒரு நாள் கைக்குழந்தைகளுக்கான எக்கோ நாள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ராசா மிராசுதார் மருத்துவமனையும் டெல்டாவின் தாய் சேய் நலத்துக்கு முதுகெலும்பு. புதன்கிழமை சந்தேகப்பட்ட பிள்ளைக்கு அதே வாரத்தில் எக்கோ என்று நாள் குறித்துவிட்டால் ஊர் ஊராக அலைச்சல் மிச்சம். ஒரு வயது வரை நோயுற்ற சிசுவுக்கு இலவச வாகனம் உண்டு என்பது ஏற்கெனவே உள்ள விதி. அந்த வண்டி வீட்டு வாசலுக்கு வர வேண்டும்.

நாலாவது, ஊட்டத்தைச் சிகிச்சையாக எண்ண வேண்டும். இதய நோய் கண்ட அன்றே உணவியல் நிபுணர் பார்க்க வேண்டும். பால் பீய்ச்சவும், அளந்து சத்துச் சேர்க்கவும், பாலாடையில் புகட்டவும் தாய்க்குக் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். சத்துப் பொடியை மருந்தோடு சேர்த்து இலவசமாகத் தர வேண்டும். அறுவை வரை வாரம் ஒருமுறை செவிலியர் வீட்டில் எடை பார்க்க வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் தொகுப்பில் இந்த வாரங்களையும் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒரே பதிவேடு. கருவுற்றதைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி எண் தாயோடு எந்த ஊருக்கும் போகிறது. பிள்ளையின் எடையும் அதே எண்ணோடு போகட்டும். அங்கன்வாடியின் எடைக் கணக்கும் சுகாதாரத் துறையின் ஊசிக் கணக்கும் ஒரே திரையில் தெரியட்டும். கேரளம்போல இதயக் குழந்தைகளுக்கென ஒரு மாநிலப் பதிவேடு வைத்து, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பதை மாவட்ட வாரியாக வெளியிடட்டும்.

2023-இல் அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாரடைப்பு வந்தவருக்கு முதல் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். அருமையான நோக்கம். ஐம்பது வயது இதயத்துக்குக் கிராமத்திலேயே முதலுதவி என்று முடிவெடுத்த அரசு, ஐம்பது நாள் இதயத்துக்கும் அதே இடத்தில் ஒரு தராசை வைக்கலாம்.

பெற்றோருக்கு

பிள்ளை தேறவில்லை என்றால் தாயைக் குறை சொல்வதை முதலில் நிறுத்துங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்; இதய நோயுள்ள பிள்ளைக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. பாலில் தண்ணீர் கலக்காதீர்கள். அதே போல, டாக்டர் சொல்லாமல் பொடியை அதிகம் போட்டுக் கெட்டியாகவும் கொடுக்காதீர்கள். பேதியாகும், சிறுநீரகத்துக்கும் பாரம். "புள்ளை நோஞ்சானா இருக்கு, ஊசி வேண்டாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். இதயம் பலவீனமான பிள்ளைக்கு நிமோனியாதான் முதல் எதிரி. அதைத் தடுக்கும் ஊசி அந்தப் பிள்ளைக்குத்தான் மற்றவர்களைவிட அவசியம். உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, பால் குடிப்பதை நிறுத்திவிட்டாலோ, மூச்சில் விலாப் பக்கம் உள்ளே இழுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த புதன்கிழமை உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகும்போது ஊசி போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "எடை போட்டு அட்டையில எழுதுங்கம்மா. போன தடவையைவிட எவ்வளவு ஏறியிருக்கு?" தராசு இல்லை என்றோ பழுது என்றோ பதில் வந்தால், அதை எழுதித் திங்கட்கிழமை தஞ்சை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் செய்ய வேண்டியது பெரிய கட்டடமோ புதிய திட்டமோ இல்லை. ஊசி போடும் ஒவ்வொரு இடத்திலும் பழுதில்லாத ஒரு டிஜிட்டல் தராசு, எடை ஏறாத பிள்ளையை அதே வாரத்தில் தஞ்சாவூருக்கு அனுப்ப ஓர் உத்தரவு. இந்த இரண்டையும் இந்த மாதமே செய்துவிடலாம்.